தப்பு விடையை அழிக்காமல் அனுப்புங்கள்

வாசகர் கேள்வி, ஆசிரியை பதில்

வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் படிக்கும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். நிறையவே வந்திருக்கின்றன. நான் 22 வருடங்களாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அதில் பெரும்பகுதி மூன்றாம் வகுப்பு. 2020 ஏப்ரலில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்தார்கள். அப்போது புத்தக அடுக்கில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வகுப்பெடுக்கக் கற்றுக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. இப்போதும் கனமழை, தொற்று, பிள்ளைக்கு நீண்ட நாள் உடம்பு சரியில்லை என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக வகுப்பு திரைக்குப் போய்விடுகிறது. வந்தவற்றில் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

*

என் மகள் மூன்றாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்பில் கணக்குக் கேட்டால் விழிக்கிறாள். மிஸ் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று கேமராவில் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து நானே விடையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுப்பாடத்திலும் தப்பையெல்லாம் அழித்துத் திருத்திய பிறகுதான் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். செய்வது சரியில்லை என்று தெரிகிறது, ஆனால் விட முடியவில்லை.
– ஒரு தாய்

அம்மா, இதை ஒளிக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. உங்களைப் போலப் பல வீடுகளில் நடக்கிறது. பிள்ளை எல்லார் முன்னாலும் திணறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாருக்கும் மனசு வராது. இருந்தாலும், திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதனால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் கழித்தல் கணக்கைப் பத்துக்குப் பத்து சரியாக அனுப்பிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் அவன் அம்மா வெளியே போயிருந்த நேரத்தில் அவனே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான். பக்கம் கோணலாக இருந்தது, பாதியில் அவன் தலை நிழல். அதில் 52-லிருந்து 38 போனால் 26 என்று எழுதியிருந்தான். அடுத்தது 71-லிருந்து 45 போனால் 34. அதற்கடுத்தது 63-லிருந்து 27 போனால் 44.

மூன்றும் தப்பு. ஆனால் மூன்றிலும் ஒரே தப்பு. 2-லிருந்து 8 போகாது, அதனால் அவன் 8-லிருந்து 2-ஐக் கழித்து 6 போட்டிருக்கிறான். பிறகு 5-லிருந்து 3 போக 2. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். ‘பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும்’ என்று ஒன்றாம் வகுப்பில் நாங்களே சொல்லிக் கொடுத்ததைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிறான். அவனுக்குக் கழிக்கத் தெரியும். கடன் வாங்குவது என்றால் என்னவென்று மட்டும் யாரும் அவனுக்கு விளங்க வைக்கவில்லை. அந்த ஒரு போட்டோவில் இவ்வளவும் இருந்தது.

மறுநாள் அவனை மட்டும் வீடியோவில் கூப்பிட்டேன். பத்துப் பத்தாக ரப்பர் போட்ட ஐந்து குச்சிக் கட்டும் இரண்டு தனிக் குச்சியும் எடுத்து வைக்கச் சொன்னேன். “இதிலிருந்து எனக்கு 38 கொடு” என்றேன். மூன்று கட்டை நகர்த்தினான். எட்டுக் குச்சிக்கு இரண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் கையைத் தூக்கியபடியே இருந்தான். அப்புறம் ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றினான். “இப்போ 12 இருக்கு மிஸ்” என்றான். கால் மணி நேரத்தில் முடிந்துபோன விஷயம். அதற்கு முன் ஆறு வாரம் அவனுடைய சரியான விடைகளுக்கு நான் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், தப்பை அழிக்காதீர்கள். அழி ரப்பரை எடுத்து உள்ளே வையுங்கள். தப்பென்று அவளுக்கே தெரிந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும், அடித்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் உதவி செய்த கணக்குக்குப் பக்கத்தில் ‘அம்மா’ என்று எழுதிவிடுங்கள். உதவுவது குற்றம் இல்லை. எந்தக் கணக்கில் உதவி தேவைப்பட்டது என்று அவள் மிஸ்ஸுக்குத் தெரிந்தால் போதும்.

வகுப்பு நடக்கும்போது கேட்ட கேள்விக்கு மகள் பேசாமல் இருந்தால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அந்தப் பத்து நீளம், எட்டு வயதுக்கு அது யோசிக்கிற நேரம். அதற்கும் விடை வரவில்லையென்றால், “தெரியல மிஸ்னு சொல்லு” என்று அந்த வார்த்தையை மட்டும் எடுத்துக் கொடுங்கள். அதைத் தைரியமாகச் சொல்லக் கற்றுக்கொண்ட பிள்ளை பெரிய வகுப்பிலும் பிழைத்துக்கொள்ளும். அப்புறம், எனக்கு எழுதிய இதே நாலு வரியை அவள் மிஸ்ஸுக்கும் எழுதி அனுப்புங்கள். கோபப்படுவார் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் அந்த ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும்.

*

ஒன்றாம் வகுப்புப் பையன். வகுப்பு ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகாது, மேசைக்கு அடியில் போய்விடுகிறான். அதட்டினாலும் கெஞ்சினாலும் வருவதில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்திருப்பது திரையில் தெரிகிறது. அவமானமாக இருக்கிறது.
– ஆறு வயதுப் பையனின் அப்பா

மற்ற பிள்ளைகளுக்குத் தோள் வரைக்கும்தான் திரையில் தெரிகிறது சார். கால் என்ன செய்கிறது என்று அந்தந்த வீட்டில்தான் தெரியும்.

பள்ளி வகுப்பறையிலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவதில்லை. பென்சில் சீவப் போகும், தண்ணீர் குடிக்கும், நோட்டை மிஸ்ஸிடம் காட்ட ஓடும், வரிசையில் நிற்கும். இந்த அசைவு எல்லாவற்றையும் திரை பிடுங்கிக்கொள்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021-ல் வீடியோ சந்திப்புகள் ஏன் களைப்பாக்குகின்றன என்று எழுதியபோது நான்கு காரணங்களைச் சொன்னார். அதில் ஒன்று, கேமராவுக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரே இடத்தில் கட்டுண்டு கிடப்பது. அவர் பேசியது பெரியவர்களைப் பற்றி. ஆறு வயதுக்கு எப்படி இருக்கும் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

நாற்காலியை எடுத்துவிடுங்கள். நின்றுகொண்டு கேட்கட்டும். கையில் ஒரு களிமண் உருண்டையோ கோலியோ இருக்கட்டும். மேசைக்கு அடியில் போனாலும் உடனே இழுக்காதீர்கள், காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஒரு தடவை நான் 9-உம் 8-உம் எவ்வளவு என்று கேட்டேன். திரையில் இருந்த எல்லா முகமும் மௌனம். ஒரு காலி நாற்காலியின் கீழேயிருந்து “பதினேழு” என்று ஒரு குரல் வந்தது.

மிஸ்ஸிடம் சொல்லிவைத்துவிடுங்கள்: இவன் நின்றுகொண்டு கேட்பான், நடுவில் ஒரு தடவை எழுந்துபோய் வருவான் என்று. அனுமதியோடு எழுந்துபோகிற பிள்ளை தானாகத் திரும்பி வரும். பத்து நிமிடம் அவனால் முடிகிறது என்கிறீர்கள். சரி, அந்தப் பத்து நிமிடத்தை முழுசாக வாங்குங்கள். அடுத்த மாதம் பன்னிரண்டு ஆகும்.

*

எனக்கு வயது 71. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாம் வகுப்புப் பேத்தியோடு நான்தான் இருக்கிறேன். இந்தக் காலத்துப் பாடம் எனக்குத் தெரியாது. போனில் லிங்க்கைத் தட்டக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். நான் என்ன உதவி செய்ய முடியும்?
– ஒரு தாத்தா

ஐயா, வணக்கம். லிங்க்கைத் தட்டக் கற்றுக்கொண்டதோடு பாதி வேலை முடிந்தது. மீதிக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வகுப்பு முடிந்து போனை அணைத்ததும் பேத்தியிடம், “இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க, தாத்தாவுக்கும் சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்கு உண்மையாகவே தெரியாதது இங்கே பெரிய வசதி. தெரிந்தவர்களிடம் பிள்ளை ஒப்பிக்கும், தெரியாதவர்களுக்கு விளக்கிச் சொல்லும். சொல்லிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் அவளுக்கே தடுக்கும். அந்த இடத்தை ஒரு துண்டுத் தாளில் குறித்து, மாலையில் மகனிடம் கொடுத்து மிஸ்ஸுக்குப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

தினமும் கால் மணி நேரம் அவள் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். விரலை வரியின் கீழே ஓட்டியபடி வாசிக்கச் சொல்லுங்கள். விரல் எங்கே நிற்கிறதோ அந்த எழுத்தில் தடுமாற்றம். விரல் ஓடிக்கொண்டிருக்கும்போது வாய் வேறு எதையோ சொன்னால், படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறாள். ணகரம், னகரம் சரியா என்று உடனுக்குடன் திருத்த வேண்டாம், பக்கம் முடியட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில், பள்ளிக்கு எட்டாத தூரத்தில் பண்ணைகளில் வளரும் பிள்ளைகளுக்காக 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரிலிருந்து வானொலி வழியாகப் பள்ளி நடத்த ஆரம்பித்தார்கள். இன்று அது இணையத்தில் நடக்கிறது. பிள்ளையோடு வீட்டில் உட்கார ஒரு பெரியவர் இருப்பார் என்ற கணக்கில்தான் அந்தப் பள்ளி நடக்கிறது, பெரும்பாலும் பெற்றோரில் ஒருவர். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் ஐயா.

*

இரண்டு பிள்ளைகள், ஐந்தாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். வீட்டில் ஒரே ஒரு செல்போன். இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் வருகிறது. டேட்டாவும் மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது.
– ஒரு வாசகி

போனைச் சின்னவனுக்குக் கொடுங்கள். என்னுடைய உறுதியான கருத்து இது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் புத்தகத்தைப் பார்த்தும், மிஸ் அனுப்பிய குறிப்பைப் பார்த்தும், பதிவு செய்த வீடியோவை மாலையில் பார்த்தும் ஓரளவு பிடித்துக்கொள்ள முடியும். இரண்டாம் வகுப்புக்கு எதிரில் பதில் பேசுகிற ஒரு ஆள் தேவை, ரெக்கார்டிங் பதில் பேசாது.

டேட்டா விஷயம். ஜூம் போன்ற செயலியில் பலர் சேர்ந்த வீடியோ வகுப்பு ஒரு மணி நேரம் ஓடினால், படத்தின் தரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 800 எம்பியிலிருந்து 2 ஜிபிக்கும் மேலேகூடப் போகும். வெறும் குரல் என்றால் 30, 40 எம்பியில் முடிந்துவிடும். எல்லார் முகமும் கட்டம் கட்டமாகத் தெரிகிற காட்சியை விட்டு, பேசுபவர் மட்டும் தெரிகிற காட்சிக்கு மாற்றினால் செலவு குறையும். ‘ஹெச்டி’ என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். கேமராவை அணைத்தால் நம் பக்கமிருந்து போவது மட்டும்தான் மிச்சம், வருவது வந்துகொண்டுதான் இருக்கும். நெட் இழுக்கும் நாளில் வேறு வழியில்லை, படத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

என்றாவது இரண்டாவது போன் கிடைத்து இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார நேர்ந்தால், இரண்டு பேருக்கும் இயர்போன் மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு போனின் சத்தம் இன்னொரு போனின் மைக்கில் புகுந்து இரண்டு வகுப்பையும் கெடுக்கும்.

இதெல்லாம் ஒட்டுப் போடும் வேலைதான். இந்தக் கடிதத்தில் இருப்பது பள்ளிக்குத் தெரிய வேண்டும். ‘ஒரே போன், இரண்டு பிள்ளைகள்’ என்று இரண்டு வகுப்பு மிஸ்ஸுக்கும் எழுதி அனுப்புங்கள். எங்களுக்குத் தெரிந்தால் நேரத்தை மாற்ற முடியும். தெரியாவிட்டால் உங்கள் மூத்த பிள்ளை பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று மட்டும் எழுதிக்கொண்டிருப்போம். அதைக் கேட்க நீங்கள் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

*

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நான்காம் வகுப்பு. வாட்ஸ்அப் குழுவில் தினமும் வீட்டுப்பாடம் போடுகிறேன். 40 பெற்றோரில் பத்துப் பேர்தான் பதில் போடுகிறார்கள். மற்றவர்களுக்கு அக்கறை இல்லையோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.
– ஓர் இளம் ஆசிரியை

தங்கையே, இதே எண்ணம் எனக்கும் ஒரு காலத்தில் வந்தது. அந்த எண்ணத்தோடு நான் செய்ததைச் சொல்கிறேன்.

வீட்டுப்பாடம் அனுப்பாத ஒன்பது பிள்ளைகளின் பெயரைப் பெற்றோர் குழுவில் வரிசையாகப் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு தாய் குழுவை விட்டு வெளியேறினார். அன்று இரவு முழுக்க எனக்கு அதே நினைப்பு. மறுநாள் போன் செய்தேன். எடுத்ததும் அவர் அழுதார். போன் அவர் கணவருடையது. அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி பத்து ஆகிவிடும், அதற்குள் பிள்ளை தூங்கிவிடும். அவள் காலையில் எழுந்து பார்ப்பதற்குள் அவர் திரும்பக் கிளம்பிவிடுவார். அந்தத் தாய்க்கு எழுதப் படிக்க வராது. அவர் பிள்ளை ஒவ்வொரு நாளும் எழுதித்தான் வைத்திருந்தாள். நோட்டில் 31 பக்கம். போட்டோ எடுக்கத்தான் ஆள் இல்லை. அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் குழுவிலும் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஐந்து வீடு என்று போன் செய்ய ஆரம்பித்தேன். உங்கள் 40 பேருக்கு எட்டு நாள் ஆகும். வருகைப்பதிவையோ வீட்டுப்பாடத்தையோ முதலில் பேச வேண்டாம். பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி ஆரம்பியுங்கள், அது உண்மையாக இருக்க வேண்டும். அப்புறம் மூன்றே கேள்வி. போன் எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும்? பிள்ளையோடு யார் இருப்பார்கள்? எழுத்தாக அனுப்பட்டுமா, குரலாக அனுப்பட்டுமா? பதிலை ஒரு நோட்டில் பெயருக்கு நேரே எழுதி வையுங்கள். என் வகுப்பில் 14 வீடுகள் குரலாகக் கேட்டன. அன்று முதல் வீட்டுப்பாடத்தை ஒரு நிமிடம் பேசியே அனுப்பினேன்.

குழுவில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு செய்தி, அதுவும் ஒரே நேரத்தில். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், என்ன செய்ய வேண்டும், எப்போது வரை. மற்றது எதுவும் அதில் வேண்டாம். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வீட்டுப்பாடம் மேலே ஏறிப்போய்விட்டால், களைத்து வரும் அப்பா அதைத் தேட மாட்டார். கடைசித் தேதியையும் ஒரு வாரம் என்று நீட்டிக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமைதான் போன் கைக்கு வரும் வீடுகள் இருக்கின்றன.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1937-ல் போலியோ பரவி சிகாகோ நகரத்தில் பள்ளி திறப்பதைத் தள்ளிவைத்தபோது, பாடங்களை 15 நிமிடத் துண்டுகளாக வானொலியில் ஒலிபரப்பினார்கள். அன்றன்றைய பாடக் குறிப்பும் கேள்விகளும் நாளிதழில் அச்சாகி வந்தன. சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண் கொடுத்து, மறுமுனையில் ஆசிரியர்களை உட்கார வைத்தார்கள். குட்டிப் பாடம், கையில் ஒரு தாள், கூப்பிட்டால் எடுக்க ஒரு ஆள். இந்த மூன்றில் கடைசியைத்தான் நாம் விட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் போனை எடுக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் குரல் போய்விட்டது.

*

மகளுக்கு எட்டு வயது. வகுப்பு முடிந்ததும் கண்ணைக் கசக்குகிறாள். கண்ணாடி போட வேண்டி வருமா?
– ஒரு தாய்

கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள், போட வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல முடியும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடும், கண் உலர்ந்து கரிக்கும். அதற்காக மருத்துவர்கள் சொல்லும் 20-20-20 வழக்கம்: 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் இருப்பதை, 20 நொடி பார்ப்பது. ஜன்னலோரம் மேசையைப் போட்டால் பிள்ளை தானாகவே செய்துவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும்.

அதைவிட முக்கியம், பகல் வெளிச்சத்தில் வெளியே இருப்பது. சீனாவின் குவாங்ஜோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள், வழக்கம்போல இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம், வெளியே விட்ட பிள்ளைகளில் 30.4 சதவீதம். வகுப்பு முடிந்ததும் அதே போனை விளையாடக் கொடுக்காமல் அவளை வெளியே அனுப்புங்கள்.

*

மிஸ், எனக்கு ஒன்பது வயசு. எங்க கிளாஸ்ல வீடியோ ஆன் பண்ணியே ஆகணும்னு சொல்றாங்க. என் மூஞ்சியே எனக்கு தெரியுது. பாடத்தை கவனிக்கவே முடியல. எங்க வீட்டுக்குள்ள இருக்கிறது எல்லாருக்கும் தெரியறதும் பிடிக்கல.
– நான்காம் வகுப்பு

கண்ணா, உனக்கு மட்டும் அப்படி இல்லை. நாள் முழுக்க ஒரு கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு பேசச் சொன்னால் பெரியவர்களுக்கே கஷ்டம். உன் முகம் உனக்குத் தெரியாமல் மறைக்க ஒரு வசதி இருக்கிறது. உன் படத்தின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி, அதில் ‘மறை’ என்ற அர்த்தத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அம்மாவையோ அப்பாவையோ பார்க்கச் சொல். மற்றவர்களுக்கு நீ தெரிவாய், உனக்கு மட்டும் உன் முகம் தெரியாது. அது இல்லையென்றால் உன் படம் வரும் இடத்தில் ஒரு சின்னத் தாளை மடித்து ஒட்டிவிடு.

வீடு தெரிய வேண்டாம் என்றால் வெறும் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார். இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கேமராவைக் கீழே சாய்த்து நோட்டைக் காட்டு. நீ எழுதும் கை தெரிந்தாலே உன் மிஸ்ஸுக்கு நீ இருப்பதும் தெரியும், என்ன எழுதுகிறாய் என்பதும் தெரியும். என் வகுப்பில் நான்கு பேருக்கு அப்படி அனுமதி கொடுத்திருந்தேன். அதில் ஒருத்தி தன் கையைக் காட்டிக் காட்டியே எழுத்தை அழகாக்கிக்கொண்டாள்.

உன் மிஸ்ஸிடம் நேராகக் கேட்க வெட்கமாக இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அம்மாவிடம் கொடு. போட்டோ எடுத்து மிஸ்ஸுக்கு அனுப்பச் சொல்.